மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு

பச்மரி
16 ஜூலை 1967

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

ஆனந்தன் எழுதுவது. நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே நீ சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நாக்பூர் தாண்டியதும் பிடித்துக்கொண்ட மழை இன்னும் விடவில்லை. கம்பளி, சட்டை, கிளாரினெட் பெட்டி எல்லாம் ஈரம். பெங்களூர்ப் பட்டாளத்து பேண்டிலிருந்து இந்த ராணுவ இசைப் பள்ளிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். அவர்கள் பேசும் இந்திக்கு நான் தலையாட்டியே காலம் தள்ளுகிறேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு மார்ச்சில் முடியும். கடைசியில் ஒவ்வொருவரும் பேண்டுக்கு ஒரு சின்ன உருப்படி சொந்தமாக எழுத வேண்டும். நன்றாக எழுதுகிற இரண்டு பேரை இங்கேயே ஆசிரியராக வைத்துக்கொள்வார்களாம். அவர்களுக்குக் குடும்ப குவார்ட்டர்ஸ் உண்டு. நேற்றுப் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஓட்டு வீடு, பின்னால் கொய்யா மரம். கல்யாணமான மாதமே உன்னை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தவன் நான். அந்த வீடு கிடைத்தால் நீ இங்கே வந்துவிடலாம்.

ஆனால் ஆளுக்கொரு ஸ்கேல் கொடுத்து, அதில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்தது ‘ஹோல் டோன்’. நம் ஊர் பேண்டில் யாரும் இதை வாசித்து நான் கேட்டதில்லை. ஸ்வரம் ஏழு இல்லை, ஆறுதான். மேஜர், மைனர் என்றால் ஸ்வரங்கள் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். இதில் எல்லா இடைவெளியும் ஒரே அளவு. வாசித்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எங்கள் ஆசிரியர் ஆபிரகாம் சார், “முதல்ல அது என்னன்னு புரிஞ்சுக்கோ. அப்புறம் எழுதலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ உன் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதியில் வாசித்துப் பார். மூன்று வெள்ளை, அடுத்து மூன்று கறுப்பு, அப்புறம் மேல் ஸட்ஜம். கேட்டால் என்ன தோன்றுகிறது என்று எழுது. மாமன் மகள் என்பதற்காக மட்டும் நான் உன்னைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையில் நீ வாசித்ததைக் கேட்டுத்தான் அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
ஆனந்தன்

—

நமோ புத்தாய

ஆண்டர்சன்பேட்டை
9 ஆகஸ்ட் 1967

அன்புள்ள அத்தானுக்கு,

சுலோச்சனாவின் வணக்கம். நானும் அத்தையும் சௌக்கியம். முழங்கால் வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. பேத்தமங்களா ஏரி நிரம்பிவிட்டதாம். குழாயில் ஒரு வாரமாகச் செம்மண் தண்ணீர்தான். நீங்கள் ஈரச் சட்டையோடு இருக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன மாதிரியே வாசித்தேன். அத்தை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இன்னாடி அது? யாரோ வாசல்ல வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டு, உள்ள வராம நின்னுக்கினு கீறாப்பல கீது” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

நம் கணக்கில் இது சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், சுத்த தைவதம், கைசிக நிஷாதம். பஞ்சமம் கிடையாது. தாய் ராகங்கள் எழுபத்திரண்டும் போட்ட மேளகர்த்தா அட்டையை எடுத்துத் தேடினேன். ரிஷபப்பிரியா ராகத்தில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் இதுதான். பழக்கத்தில் ஸட்ஜத்தோடு பஞ்சமத்தையும் சுருதிக்குத் திறந்து வைத்திருந்தேன். அது மத்திமத்தோடும் ஒட்டவில்லை, தைவதத்தோடும் ஒட்டவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இடித்துக்கொண்டே இருந்தது. அதை மூடிய பிறகுதான் பெட்டி சாந்தமானது. நம் காது பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகியது அத்தான். பிடி இல்லாததால்தான் தடுமாற்றம் என்று நினைக்கிறேன்.

காலையில் வெளியே போய்விட்டு வருவதால் சாயங்காலம்தான் பெட்டியைத் திறக்க முடிகிறது. டெய்சி டீச்சரிடமும் கேட்கிறேன். கோரமண்டல் சர்ச்சில் பியானோ வாசிப்பவர் அவர்.

உங்கள் உடல்நலம் பேணவும்.

என்றும் அன்புள்ள,
சுலோச்சனா

—

பச்மரி
2 செப்டம்பர் 1967

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அம்மா சொன்னதை ஆபிரகாம் சாரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்க அம்மா சரியாச் சொல்லியிருக்காங்க” என்றார்.

பஞ்சமத்தைப் பற்றி நீ எழுதியதும் ரொம்ப உபயோகம். அதை வைத்து முதல் முயற்சியாக எட்டு வரி எழுதிக்கொண்டு போனேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில் ஸட்ஜத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். “ஏன் அங்கே நிறுத்தினாய்?” என்றார். “அதுதானே சார் வீடு” என்றேன். “யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பற்றி எழுதியிருந்தேனே, நீ ஒன்றும் சொல்லவில்லை. கொய்யா இப்போது பிஞ்சு விட்டிருக்கிறது. டெய்சி டீச்சர் யார்? உனக்கு எப்படிப் பழக்கம்? காலையில் எங்கே போய் வருகிறாய், விகாரைக்கா?

அன்புடன்,
ஆனந்தன்

—

நமோ புத்தாய

ஆண்டர்சன்பேட்டை
11 அக்டோபர் 1967

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இவ்விடம் நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காந்தி ஜெயந்திக்குப் பிள்ளைகளைப் பாடவைக்க வேண்டியிருந்தது. தொண்டை கட்டிப் போய் இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது.

டெய்சி டீச்சர் பியானோவில் எனக்கு ஒன்று காட்டினார். அதை வீட்டுக்கு வந்து பெட்டியில் நானே போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதே கட்டைகளை வாசித்தால் மத்தியமாவதி வரும். காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். ஒரே வீட்டில் அறைக்கு அறை வேறு ஆள் குடியிருப்பது மாதிரி. உங்கள் ஸ்கேலில் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினேன். அதே ராகம்தான் வந்தது. காந்தாரத்தை ஆக்கினேன், அதேதான். கறுப்புக் கட்டைகளுக்கும் போனேன். எங்கே தொடங்கினாலும் அதே முகம்.

ஆபிரகாம் சார் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆறு ஸ்வரமும் ஒரே மாதிரி இருக்கும்போது ஒன்றை மட்டும் வீடு என்று எப்படிச் சொல்ல முடியும்? நாமாகப் பார்த்து ஒன்றைச் சொன்னால்தான் உண்டு.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். அத்தை, “பேய் கீய் புடிச்சுச்சா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். பனி தொடங்கியிருக்கும், காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புள்ள,
சுலோச்சனா

—

பச்மரி
30 அக்டோபர் 1967

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

நீ சொன்னதைக் கிளாரினெட்டில் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. ஆபிரகாம் சாரும் ஒப்புக்கொண்டார். “இப்போது உனக்கு அது என்னவென்று தெரியும். இனி அதை நகர்த்து” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் அதே இடம் என்றால் எங்கே போவது? எழுதுவதெல்லாம் நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பது மாதிரிதான் இருக்கிறது.

ஒன்றை வெளிப்படையாகக் கேட்கிறேன். மத்திமம், தைவதம் என்று மூன்று பக்கம் எழுதுகிறாய். நான் வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. காலையில் எங்கே போகிறாய் என்று கேட்டேன், அதற்கும் இல்லை. என்னோடு வந்து இருக்க உனக்கு இஷ்டமா, இல்லையா?

ஆனந்தன்

—

ஆண்டர்சன்பேட்டை
19 நவம்பர் 1967

தம்பி ஆனந்தனுக்கு,

எழுதுவது டெய்சி. சொல்வது உங்கள் தாயார் பழனியம்மா. அவர் வாயில் வந்ததை வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறார். சுலோச்சனா விகாரைக்குப் போயிருக்கிறாள்.

நைனா ஆனந்தா, நல்லா கீறியா? நேரத்துக்குத் துன்றியா? எனக்கு ஒண்ணும் கொற இல்ல. உன் லெட்டரப் படிச்சதுலருந்து அந்தப் பொண்ணு மூஞ்சே சரியில்ல. இன்னா எழுதுனான்னு கேட்டா, “ஒண்ணுமில்ல அத்த, பாட்டு விஷயம்” அப்டீன்றா. பாட்டு விஷயத்துக்கு யாராவது சோத்துல தண்ணிய ஊத்திட்டு எந்திரிப்பாங்களா?

கேளு. ஆடி மாசத்துலருந்து அவ இஸ்கூலுக்குப் போறா. பாட்டு சொல்லித்தர. இந்த டெய்சியம்மா வேல பாக்குற இஸ்கூலுதான். அங்க இருந்த டீச்சரு புள்ள பெத்துக்கப் போயிட்டாங்க, அந்த எடத்துக்கு. நாந்தான் போடின்னு அனுப்பிச்சேன். வூட்ல குந்திக்கினு என் மூஞ்சயே பாத்துக்கினு இன்னா பண்ணுவா? இப்ப அந்த டீச்சரு திரும்ப வரலியாம். பெரிய டீச்சரு குணசுந்தரியம்மா வூட்டுக்கே வந்து, “ஜூன்லருந்து நீயே நிரந்தரமா இரும்மா” ன்னு கேட்டுக்கினு போயிருக்காங்க. காந்தி ஜெயந்திக்கு நான் போய்ப் பாத்தேன் நைனா. அத்தன புள்ளைங்களும் இவ கைய ஒண்ணத் தூக்குனா வாயத் தொறக்குதுங்க, எறக்குனா மூடுதுங்க. என் பேச்ச நீ ஒரு நாளாவது அப்டிக் கேட்டுக் கீறியா?

உனக்குச் சொல்லலன்னு அவளத் திட்டாத. உனக்கு மனசு நோவும்னு மூடி வெச்சிக்கினா. அவ வரணும்னும் நான் சொல்லல, இங்கியே இருக்கணும்னும் சொல்லல. தெரிஞ்சிக்கினு பேசு. அவ்ளோதான்.

(டெய்சி: இதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. உங்கள் ஸ்கேல் என் தூக்கத்தையும் கெடுத்துவிட்டது.)

—

நமோ புத்தாய

ஆண்டர்சன்பேட்டை
26 டிசம்பர் 1967

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? நானும் எழுதவில்லை, ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்தும் எதுவும் இல்லை. தபால்காரர் சைக்கிளைத் திருப்பும்போதே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அத்தை என்ன எழுதச் சொன்னார்கள் என்பதை அவர்களே நேற்றுச் சொன்னார்கள். நான் கோபித்துக்கொண்டேன். அப்புறம் அழுதேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து டெய்சி டீச்சர் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிட்டோம்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்களோடு இருக்க எனக்கு இஷ்டம். இந்த வேலையிலும் எனக்கு இஷ்டம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதத் தெரியாமல்தான் மத்திமத்தையும் தைவதத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் நான் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கிறேன் அத்தான். சின்ன வயதில் நாடகத்துக்கு அப்பா ஆர்மோனியம் வாசிக்கும்போது நான் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். என் வாசிப்பையும் நாலு பேர் கேட்கலாம் என்று முதலில் நினைத்தவர் நீங்கள். இரண்டாவது குணசுந்தரி அம்மா. ஜூனில் நான் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். வருத்தம் என்றால் வருத்தம் என்றே எழுதுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு கட்டைகளில் ஆறு உங்கள் ஸ்கேலுக்குப் போனால் மீதி ஆறு இருக்கிறதே, அது என்ன என்று டெய்சி டீச்சர் கேட்டார். வாசித்தேன். இரண்டு கறுப்பு, நாலு வெள்ளை. அதுவும் இதே ஸ்கேல்தான்! உலகத்தில் இது இரண்டே வரிசை, மூன்றாவது கிடையாது. பிள்ளைகளை ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்று பிரித்து, பக்கத்துக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பாடி நீட்டி நிற்கும்போது கதவுப் பக்கம் தொடங்கியது. வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்தது போல எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வரிசைக்குள் எவ்வளவு நடந்தாலும் அதே இடம்தான். அடுத்த வரிசையில் கால் வைத்தால்தான் நகர்ந்தது தெரிகிறது. உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுலோச்சனா

—

பச்மரி
20 ஜனவரி 1968

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர்தான், விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. நீயும் அம்மாவும் கவனமாக இருங்கள்.

வருத்தம் என்றால் வருத்தம் என்றே எழுதச் சொன்னாய். வருத்தம்தான். வேலைக்குப் போனதற்கு இல்லை. டெய்சி டீச்சருக்குத் தெரிந்தது, விகாரையில் எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் உனக்கு எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். அதில் ஒன்று கிளம்பி வந்து சேர் என்று உத்தரவு போடுகிற கடிதம். அது போகாததே நல்லது.

உன் கடிதம் வந்ததும் முதலில் கடைசிப் பத்தியைத்தான் படித்தேன். சிரிக்காதே. கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே ஆர்தர் என்று ஒரு கோவாக்காரன், டிராம்போன். “நீ இந்த ஆறை நீட்டி வாசி, நான் மற்ற ஆறில் உள்ளே வருகிறேன்” என்றேன். வாசித்தோம். அவன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, “கதவு திறந்த மாதிரி இருக்கிறது” என்றான். அம்மா சொன்ன வாசலில் நிற்கிற ஆள் உள்ளே வந்துவிட்டான்.

மறுநாள் சாருக்கு வாசித்துக் காட்டினேன். “இதை யார் சொல்லிக் கொடுத்தது?”

“என் மனைவி, சார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர்.”

அப்படிச் சொன்னபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தின் முன்பாதியைக் கோபமில்லாமல் படிக்க முடிந்தது. குணசுந்தரி அம்மாவிடம் சரி என்று சொல்லிவிடு. இன்றைக்கே சொல்.

இங்கே வீடு கிடைத்தால் நாம் என்ன செய்வது என்பதைப் பரீட்சை முடிந்ததும் பேசுவோம்.

உன்,
ஆனந்தன்

—

பச்மரி
17 மார்ச் 1968

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

நலம். மிக நலம். அம்மாவுக்கு நமஸ்காரம். இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நேற்று மைதானத்தில் எல்லாருடைய உருப்படியையும் முழு பேண்டும் வாசித்தது. என்னுடையது கடைசிக்கு முன்னால். வலது பக்கம் கிளாரினெட்டுகள் ஒரு வரிசை, இடது பக்கம் டிராம்போன்கள் இன்னொரு வரிசை. முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் மனைவிமார் வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தார்கள். முடிவை ஸட்ஜத்தில் வைக்கவில்லை. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே விட்டேன். கைதட்டலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. ஆபிரகாம் சார்தான் முதலில் தட்டினார்.

தேர்ந்தெடுத்த இரண்டு பேரில் நான் ஒருவன். மற்றவன் ஆர்தர். இரண்டு வருஷம் இங்கே ஆசிரியர் வேலை, குவார்ட்டர்ஸ் உட்பட. வேண்டாம் என்றால் பெங்களூர் பேண்டுக்கே திரும்பிவிடலாம், அங்கிருந்து வாராவாரம் சனிக்கிழமை ரயிலேறினால் ராத்திரி நம் வீட்டில் இருப்பேன். சம்மதமா என்று கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இந்த வேலையில் ஆசை இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

அன்புள்ள,
ஆனந்தன்

—

நமோ புத்தாய

ஆண்டர்சன்பேட்டை
29 மார்ச் 1968

அன்புள்ள அத்தானுக்கு,

ஆயிரம் வணக்கம். நாங்கள் இருவரும் நலத்துக்கும் மேலே இருக்கிறோம். கடிதத்தைச் சத்தமாகத்தான் படித்தேன். அத்தை இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள். பிறகு தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “எம் புள்ள வாத்தியார் ஆயிட்டான்” என்று சொன்னார்கள். எந்த ஊரில் என்று கேட்டவர்களுக்கு, “தில்லி பக்கம்” என்று தாராளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

ஒப்புக்கொள்ளுங்கள் அத்தான். நாங்களும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். எனக்கு ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை லீவு. அந்த நாட்களுக்கு நான் அங்கே. டிசம்பரில் உங்களுக்கு லீவு, அப்போது நீங்கள் இங்கே. தசரா விடுமுறையில் யாருக்கு முதலில் டிக்கெட் கிடைக்கிறதோ அவர் கிளம்பட்டும். இரண்டு வருஷம் இப்படி ஓடட்டும். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று அப்போது சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம். ஏக்கம் இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

குணசுந்தரி அம்மா நியமன உத்தரவைக் கையில் கொடுத்து, “உன் வீட்டுக்காரருக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டார்கள். “அவர்தான் இன்றைக்கே சொல்லச் சொன்னார்” என்றேன். பக்கத்தில் நின்ற டெய்சி டீச்சர் என்னைக் கிள்ளினார்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. ஆமாம், அத்தையும் வருகிறார்கள். முழங்கால் வலியோடு மலைக்கு எதற்கு என்று கேட்டேன். “நீ மட்டும் போயி அவனோட டொய்ங் டொய்ங்னு வாசிச்சிக்கினு குந்திக்குவ. சோறு யாரு ஆக்குவாங்க?” என்றார்கள். கருவாடு, புளி, ராகி மாவு எல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருக்கிறது. ஆர்மோனியத்தை விட்டுவிட்டு வரலாம் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. மலையடிவாரத்துப் பிப்பரியா ஸ்டேஷனில் ஒரு கூலியாளோடு வந்து நில்லுங்கள், நீங்கள் ஒருவர் போதாது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி கிளம்பி இருபதாம் தேதி அங்கே வந்து சேருகிறோம். இதற்குப் பதில் போட வேண்டாம். அது வந்து சேரும்போது வீடு பூட்டியிருக்கும்.

உங்கள்,
சுலோச்சனா